பலெர்மோவுக்குப் புதிதாக வந்தவருக்கு: ரயிலும் பேருந்தும் ட்ராமும் பழகும் வழி

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்து இறங்கும் தமிழர் பெரும்பாலும் முற்றிலும் தனியாக வருவதில்லை. மாமாவோ சித்தப்பாவோ ஊர்க்காரர் ஒருவரோ முன்பே இங்கே இருப்பார். அவர் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிச் செல்வார், முதல் இரண்டொரு வாரம் கூடவே அலைந்து வழியும் காட்டுவார். ஆனால் அவருக்கும் வேலை உண்டு. ஒரு நாள் காலை, விடிந்தும் விடியாத நேரத்தில், கையில் ஒரு முகவரித் துண்டோடு நீங்கள் மட்டும் நிறுத்தத்தில் நிற்க வேண்டி வரும். அந்தக் காலையை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பலெர்மோவில் ஓடும் வண்டிகள் எல்லாம் ஒரே நிறுவனத்துடையவை அல்ல. ரயில்களை ட்ரெனித்தாலியா ஓட்டுகிறது. நகரப் பேருந்துகளும் ட்ராம்களும் மாநகரத்தின் ஆமாட் நிறுவனத்துடையவை. வெளியூர்ப் பேருந்துகளில் சில மாகாண அரசின் அஸ்த் நிறுவனத்துடையவை. மற்றவை ஊருக்கு ஊர் வெவ்வேறு தனியார் நிறுவனங்களுடையவை. ஒன்றின் சாதாரணச் சீட்டு மற்றொன்றில் செல்லாது. புதியவர்கள் அபராதம் கட்டுவதற்குப் பெரும்பாலும் நேர்மையின்மை காரணமல்ல, இந்த வேறுபாடு தெரியாததே காரணம். ஆகவே எந்த வண்டியில் ஏறுமுன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடைய வண்டி? என் கையில் இருப்பது யாருடைய சீட்டு?

விமான நிலையத்திலிருந்து நகருக்கு

விமான நிலையம் நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டி இருக்கிறது. மக்கள் அதைப் புந்தா ராயிசி என்பார்கள். 1992இல் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஃபல்கோனே, போர்செல்லீனோ இருவரின் பெயரே அதன் அதிகாரப்பூர்வப் பெயர். இந்தப் பெயர் விஷயம் நடைமுறையிலும் முக்கியமானது. ரயில் அறிவிப்புப் பலகையில் விமான நிலையத்தைத் தேடுபவர் 'புந்தா ராயிசி' என்ற பெயரையே தேட வேண்டும்.

நகருக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரயில். முனையக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் நடைமேடை வந்துவிடும். இரட்டைப் பாதை அமைக்கும் பணிக்காகச் சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்த இந்த வழி 2018 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். கரீனி, கப்பாச்சி, ஈசோலா தெல்லே ஃபெம்மினே, தொமாசோ நத்தாலே, சான் லொரேன்ஸோ, ஃப்ரான்ச்சா, நொதார்பார்தோலோ என்று நிறுத்தங்கள் வரும். கப்பாச்சியைக் கடக்கும்போது அங்கே வசிப்பவர்கள் சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். 1992 மே 23 அன்று நீதிபதி ஃபல்கோனேயும் அவருடைய மனைவியும் மூன்று மெய்க்காவலர்களும் அந்த ஊருக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலையில் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார்கள். நாம் வந்து வாழும் ஊர் என்ன விலை கொடுத்து இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது வழி தனியார் பேருந்து. முனையத்துக்கு வெளியே நிற்கும். நகரின் பொலித்தேயாமா சதுக்கத்தின் வழியாக மத்திய ரயில் நிலையம் வரை போகும். பெரிய பெட்டிகளோடு இரவில் இறங்குபவருக்குப் பேருந்தையே சொல்வேன், ஏனெனில் கடைசி ரயில் போன பின்னும் பேருந்து ஓடும். பகலில், அதுவும் நெடுஞ்சாலையில் நெரிசலான மாலை வேளையில், ரயில் நம்பகமானது. யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பல்லாரோச் சந்தைப் பக்கம் என்றால் மத்திய நிலையம் வரை வாருங்கள். வியா லிபெர்த்தா பக்கம் என்றால் நொதார்பார்தோலோவில் இறங்கிவிடுவதே அருகு.

மத்திய நிலையத்தை அறிதல்

பலெர்மோ சென்ட்ராலே 1886இல் திறக்கப்பட்ட நிலையம். ஜூலியோ சேசரே சதுக்கத்தின் முன் நிற்கிறது. இது பாதை முடியும் நிலையம். பிரதான மண்டபத்துக்கு நேராகத் தண்டவாளங்கள் வந்து முட்டி நிற்கும். ஆகவே பாலமோ சுரங்கப்பாதையோ தேடாமல், மண்டபத்தைத் தாண்டி நேரே நடந்தால் பெரும்பாலான நடைமேடைகளை அடையலாம். நிலையத்தைவிட்டு வெளியே வந்து நகரை நோக்கி நின்றால் இரண்டு நீண்ட வீதிகள் தொடங்குவதைக் காண்பீர்கள்: ஒன்று வியா ரோமா, மற்றது வியா மக்கேதா. மக்கேதாவின் பெரும் பகுதி நடப்பவர்களுக்கு மட்டுமானது. பேருந்துகளுக்கு வியா ரோமாவைப் பாருங்கள்.

அறிவிப்புப் பலகையைப் படிக்கப் பழகுங்கள். மேலே 'பார்தென்ஸே' என்றிருந்தால் புறப்படும் ரயில்கள். 'அர்ரீவி' என்றிருந்தால் வந்து சேரும் ரயில்கள். புதியவர்கள் வருகைப் பலகையைப் பார்த்துவிட்டுத் தம் ரயில் இல்லையே என்று திகைப்பது வழக்கம். அச்சிட்ட அட்டவணைகளில் நிறமே உதவும்: புறப்பாடு மஞ்சள் தாளிலும் வருகை வெள்ளைத் தாளிலும் இருக்கும். பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது ரயில் போய் முடியும் ஊரின் பெயர் மட்டுமே. நீங்கள் பகேரியாவுக்குப் போக வேண்டுமானால் 'பகேரியா' என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டியதில்லை. மெஸ்ஸீனாவுக்கோ செஃபலூவுக்கோ போகும் ரயில் அங்கே நின்று போகும். இடையில் நிற்கும் ஊர்கள் சிறிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் தாளில் அவை நேரத்தோடு அச்சிடப்பட்டிருக்கும். ஐயம் இருந்தால் ஏறுமுன் கதவருகே நிற்பவரிடம் "க்வெஸ்தோ த்ரேனோ ஃபெர்மா அ பகேரியா?" என்று கேளுங்கள். இந்த ரயில் பகேரியாவில் நிற்குமா என்பதே பொருள். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் எங்கும் பயன்படும் வாக்கியம் இது.

'பினாரியோ' என்பது நடைமேடை எண். 'ரித்தார்தோ' என்பது தாமதம். அதன் கீழே இருக்கும் எண் நிமிடங்களைக் குறிக்கும். 'கான்செல்லாத்தோ' அல்லது 'சொப்ரெஸ்ஸோ' என்றால் அந்த ரயில் இல்லை. ஒலிபெருக்கியில் இத்தாலியமொழி வேகமாகப் போகும். முழுவதும் புரியாவிட்டாலும் 'அன்சிகே' என்ற சொல்லுக்கு மட்டும் காது கொடுங்கள். 'அதற்குப் பதிலாக' என்பது அதன் பொருள். ரயில் முன்பு சொன்ன நடைமேடைக்குப் பதிலாக வேறொன்றிலிருந்து புறப்படும்போதே அச்சொல் வரும். அதற்கு முன்னால் சொன்ன எண்தான் புதிய நடைமேடை, பின்னால் சொல்வது பழையது. இதை மாற்றிப் புரிந்துகொண்டு பழைய நடைமேடைக்கு ஓடியவர்கள் உண்டு.

சீட்டு வாங்குதலும் முத்திரையிடுதலும்

ரயில் சீட்டை நிலைய முகப்பிலோ இயந்திரத்திலோ கைப்பேசிச் செயலியிலோ வாங்கலாம். இயந்திரத்தில் ஆங்கிலம் உட்படச் சில மொழிகள் உண்டு; தமிழ் இல்லை. உதவுகிறேன் என்று அருகில் வந்து திரையைத் தொடும் அந்நியரை மரியாதையாக மறுத்துவிடுங்கள். பெரிய தாள்களுக்கு இயந்திரம் முழு மிச்சக்காசு தராமல் போகலாம். ஆகவே சிறு நோட்டுகளோ வங்கி அட்டையோ கையில் இருக்கட்டும்.

அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. பிராந்திய ரயிலுக்கு, அதாவது தீவுக்குள் ஊருக்கு ஊர் நின்று போகும் ரயிலுக்கு, வாங்கிய காகிதச் சீட்டு, கையில் இருப்பதால் மட்டும் செல்லுபடியாகிவிடாது. ஏறுமுன் அதற்கு நேர முத்திரை இட வேண்டும். நடைமேடைக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ பச்சையும் வெள்ளையுமான சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதன் பிளவில் சீட்டின் முனையை நுழைத்து மெல்ல அழுத்துங்கள். உள்ளே அச்சு ஓடும் சத்தம் கேட்கும். வெளியே எடுத்தவுடன் நடையைக் கட்டிவிடாமல் சீட்டின் ஓரத்தைப் பாருங்கள்: நிலையத்தின் பெயரும் நாளும் நேரமும் மங்கலான மையில் விழுந்திருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால் திருப்பி நுழைத்துப் பாருங்கள், அல்லது அடுத்த பெட்டிக்குப் போங்கள். முத்திரையிட்ட கணத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பயணம் முடிய வேண்டும். எல்லாப் பெட்டிகளும் பழுதாயிருந்தால், பேனாவால் சீட்டிலேயே நாள், நேரம், நிலையப் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு, ரயிலில் ஏறியதும் 'காப்போத்ரேனோ' எனப்படும் ரயில் பொறுப்பாளரை நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வரும் வரை இருக்கையில் காத்திருந்துவிட்டுச் சொன்னால் அது சாக்காகவே தெரியும். நீங்களாகத் தேடிப் போனால் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும்.

கைப்பேசியில் வாங்கும் சீட்டில் நாளும் ரயிலும் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அதில் 'செக்-இன்' பொத்தான் தென்பட்டால் ஏறுமுன் அழுத்திவிடுங்கள். வண்டிக்குள் பரிசோதகர் வருவதைக் கண்டபின் அழுத்துவது ஏமாற்றாகவே கருதப்படும். கைப்பேசி அணைந்துபோனால் சீட்டும் இல்லாததற்குச் சமம் என்பதால் மின்னேற்றத்தைக் கவனியுங்கள். நீண்ட தூர இன்டர்சிட்டி ரயில்களின் சீட்டில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் இருக்கும். அவை அந்த ஒரு ரயிலுக்கே உரியவை என்பதால் முத்திரை தேவையில்லை. 4 வயது நிறையாத குழந்தைகளுக்குத் தனி இருக்கை கேட்காதவரை பிராந்திய ரயிலில் கட்டணம் இல்லை.

தினமும் ஒரே வழியில் ரயிலில் போகிறவர் மாதச் சீட்டு எடுத்துக்கொள்வது மலிவு. ஆனால் அது நாட்காட்டி மாதத்துக்கானது. முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை செல்லும். 20ஆம் தேதி எடுத்தால் அடுத்த மாதம் 20 வரை செல்லும் என்று எண்ணி நட்டப்பட வேண்டாம். மாதக் கடைசியில் வேலை கிடைத்தவர் முதல் தேதி வரை தனிச் சீட்டுகளிலேயே போகட்டும்.

நகருக்குள்: 'மெத்ரோ', ட்ராம், பேருந்து

வீதிகளில் 'மெத்ரோபொலித்தானா' என்ற பலகையைக் கண்டு பெருநகரச் சுரங்க ரயில் என்று எண்ணிவிடாதீர்கள். விமான நிலையம் போகும் அதே ட்ரெனித்தாலியா ரயில்தான் நகருக்குள் அந்தப் பெயரில் ஓடுகிறது. சீட்டும் ரயில் சீட்டே. இதன் நிறுத்தங்கள் நமக்குப் பெரிதும் உதவுவன. 'வெஸ்பிரி' நிறுத்தத்தில் இறங்கினால் பொலிக்லீனிக்கோ எனப்படும் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கம். 1282இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக இந்த நகரில் மூண்ட கிளர்ச்சியின் பெயரைத் தாங்கியது அந்த நிறுத்தம். கிளர்ச்சி தொடங்கிய தேவாலயம் இன்றும் அருகில் நிற்கிறது. 'பலாஸ்ஸோ ரெயாலே – ஓர்லியான்ஸ்' நிறுத்தம் நார்மன் அரண்மனைக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் உரியது. இங்கே படிக்க வந்த பிள்ளைகள் முதலில் அறிய வேண்டிய பெயர் இது. நொதார்பார்தோலோவிலிருந்து ஜாக்கேரிப் பக்கம் போகும் ஒரு சிறு கிளையும் உண்டு.

ட்ராம் 2015 டிசம்பர் 30 முதல் ஓடுகிறது. நான்கு வழித்தடங்கள். முதலாவது மத்திய நிலையத்திலிருந்து கிழக்கே ரொக்கெல்லாவிலுள்ள பெரிய வணிக வளாகம் வரை போகும். மற்ற மூன்றும் நொதார்பார்தோலோப் பக்கத்திலிருந்து தொடங்கி நகரின் மேற்குக் குடியிருப்புகளுக்குப் போகும். தனிப் பாதையில் ஓடுவதால், நேரம் தவறக் கூடாத வேலைக்குப் போகிறவருக்கு, வழி பொருந்துமானால், பேருந்தைவிட ட்ராமையே பரிந்துரைப்பேன்.

பேருந்துகளில் மூன்று எண்களை முதலில் மனப்பாடம் செய்தால் போதும். 101 மத்திய நிலையத்திலிருந்து நகரத்தின் முதுகெலும்பு வழியே பொலித்தேயாமாவைத் தாண்டி வியா லிபெர்த்தா பக்கம் போகும். அடிக்கடி வரும், கூட்டமும் அதிகம், பணப்பையை முன் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 806 பொலித்தேயாமாப் பக்கத்திலிருந்து ஃபவோரீத்தாப் பூங்காவின் ஊடாக மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போகும். மொந்தெல்லோ வீடுகளில் பராமரிப்பு வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர் அறிந்த எண் அது. கோடைகாலத்தில் குளிக்கப் போகிறவர்களால் அது நிரம்பி வழியும். ஜூலை, ஆகஸ்டில் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். மூன்றாவது 812; மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல், நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோவிலுக்குப் போவது. பலெர்மோத் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றி, நேர்த்தி வைத்து அந்தத் தாயிடம் போவது இங்குள்ள இத்தாலியரும் நன்கறிந்த செய்தி. மேலே போனவுடன் இறங்கும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். மலையில் வண்டிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருக்கும். செப்டம்பர் 4ஆம் தேதித் திருநாளை ஒட்டி இரவில் கால்நடையாக ஏறுகிறவர்களே மிகுதி. ஜூலை 14 இரவு நகர மையத்தில் புனிதையின் தேர் வரும்போது பல வீதிகள் மூடப்படும். அன்று மாலை வேலை முடித்துத் திரும்புகிறவர் வேறு வழியை முன்பே யோசித்து வையுங்கள்.

பேருந்துக்கும் ட்ராமுக்கும் ஒரே ஆமாட் சீட்டு போதும். முத்திரையிட்டதிலிருந்து 90 நிமிடம் செல்லும், இடையில் வண்டி மாறலாம். கருநிறப் பலகையில் வெள்ளை 'T' எழுத்துள்ள புகையிலைக் கடைகளில் சீட்டு கிடைக்கும். 'தபாக்கி' என்று கேளுங்கள். மதிய ஓய்வு வேளையிலும் ஞாயிறு அன்றும் பல கடைகள் பூட்டியிருக்கும். ஆகவே எப்போதும் இரண்டு சீட்டுகள் உபரியாகப் பணப்பையில் கிடக்கட்டும். வண்டிக்குள் ஏறியதும் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் முத்திரையிடுங்கள். நிறுத்தத்தில் நீங்கள் நிற்பதால் மட்டும் பேருந்து நின்றுவிடாது. எண்ணைக் கண்டவுடன் கையை நீட்டிக் காட்டுங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே பொத்தானை அழுத்துங்கள்.

'ஃபெரியாலே' என்ற சொல்

கால அட்டவணை படிக்கத் தெரிந்தவரையும் ஏமாற்றும் ஒரு சொல் உண்டு. இத்தாலியமொழியில் 'ஃபெரியே' என்றால் விடுமுறை என்று வேலையிடத்தில் முதலிலேயே கற்றுக்கொள்வோம். ஆகவே அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று கண்டால் விடுமுறை நாள் வண்டி என்றே மனம் சொல்லும். உண்மை நேர் எதிர். 'ஃபெரியாலே' என்பது திங்கள் முதல் சனி வரையான வேலை நாள். 'ஃபெஸ்தீவோ' என்பதே ஞாயிறும் பொது விடுமுறையும். நான் வந்த முதல் மாதத்தில், ஞாயிறன்று முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வெளியூருக்குப் போக வேண்டியிருந்தது. நிறுத்தக் கம்பத்தில் 'ஃபெரியாலே' என்றிருந்த நேரத்தை என் நாளுக்கானது என்று எண்ணி, குளிரில் இரண்டு மணி நேரம் நின்றேன். வண்டி வரவே இல்லை. அந்த வழியே போன பெண்மணி ஒருவர் கம்பத்தருகே வந்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, தலையை இடவலமாக ஆட்டி, "தொமேனிகா நோ" என்றார். ஞாயிறு இல்லை. அன்று அந்த முதியவருக்குக் காலை மருந்து நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை; அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு இடம் தருகிறேன்.

அட்டவணைகளில் சொற்களுக்குப் பதில் குறியீடுகளும் இருக்கும்: ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்த இரு சுத்தியல்கள் வேலை நாள், சிலுவை விடுமுறை நாள். சிற்றூர்ப் பேருந்துகளில் இன்னும் இரண்டு குறிப்புகள் முக்கியம். 'ஸ்கொலாஸ்தீக்கோ' என்றிருந்தால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும் ஓடும் வண்டி. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அதை மறந்துவிடலாம். 'எஸ்க்ளூசோ சாபத்தோ' என்றால் சனிக்கிழமை நீங்கலாக. ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8 போன்ற நாட்கள் வார நாளில் வந்தாலும் ஞாயிறு அட்டவணையே நடக்கும்.

நகரைத் தாண்டி

கிழக்குக் கடற்கரையோரம் போக ரயிலே சிறந்தது. சிசிலியின் முதல் ரயில் 1863இல் பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்கு ஓடியது. இன்றும் கால் மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். அதே பாதையில் தெர்மினி இமெரேசே, பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செஃபலூ, மூன்று மணி நேர அளவில் மெஸ்ஸீனா. தெற்கே அக்ரிஜெந்தோவுக்கும் நேரடி ரயில் உண்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

கத்தானியாவுக்குப் பேருந்தே மேல். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ரயில் பாதையில் புதிய பாதை அமைக்கும் பெரும்பணி நடப்பதால் இடையில் மாற்றுப் பேருந்தில் ஏற வேண்டி வரலாம். மேற்கே த்ராப்பானிக்கும் நான் பேருந்தையே பழகியிருக்கிறேன். 2013இல் மண்சரிவால் நேர் ரயில் வழி மூடப்பட்ட பிறகு தெற்கே சுற்றிப் போன ரயில் வழி நாளையே விழுங்கிவிட்டது. இந்த வெளியூர்ப் பேருந்துகளில் பல மத்திய நிலையத்தை ஒட்டிய கைரோலிச் சிறு சதுக்கத்திலிருந்தும் பக்கத்து வீதிகளிலிருந்தும் புறப்படும். எந்த நிறுவனம் எந்த ஊருக்கு என்று கேட்டறிந்து, அந்தந்த நிறுவனத்தின் முகப்பிலேயே சீட்டு வாங்குங்கள். போய்வரும் சீட்டு வேண்டுமானால் 'அந்தாத்தா ஏ ரித்தோர்னோ' என்று சொல்லுங்கள்; பெரும்பாலும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும்.

ரயில் பலகையில் 'பஸ்' என்றோ 'சொஸ்தித்துத்தீவோ' என்றோ கண்டால், அந்த ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடப்படுகிறது என்று பொருள். அது நடைமேடையில் வராது. நிலையத்துக்கு வெளியே நிற்கும். ரயில் சீட்டே அதற்குப் போதும். சிற்றூர் நிலையங்களில் அது நிலைய வாசலில் நில்லாமல் பிரதான சாலையில் நிற்பதும் உண்டு. ஆகவே இறங்கிய உடனே அங்குள்ள கடைக்காரரிடம் திரும்பும் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டு வையுங்கள்.

ரெஜ்ஜோ எமிலியாவிலோ ஜெனோவாவிலோ உறவினர் உள்ளவர்கள் ஒருநாள் பெருநிலத்துக்குப் போகும் ரயிலில் ஏறுவீர்கள். அது மெஸ்ஸீனாவை அடைந்ததும் நின்றுவிடும். பின்னர் கடலைக் கடப்பதற்காகப் பெட்டிகளைப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தோடு தண்டவாளம் பொருந்தும்படி தள்ளுவார்கள். இரும்பு முட்டும் சத்தமும் குலுக்கலும் இரவில் பயமுறுத்தும், பழுதல்ல, வழக்கமானதே. கப்பல் புறப்பட்டதும் படியேறி மேல்தளத்துக்குப் போகலாம். துறைமுக வாயிலில் உயர்ந்த தூணின்மேல் பொன்னிற மாதா நின்று வழியனுப்புவாள். கப்பல் கடையில் சூடான சோற்றுருண்டைப் பொரியலும் கிடைக்கும். ஆனால் இறங்குமுன் உங்கள் பெட்டி எண்ணையும் வந்த படிக்கட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோலவே இருக்கும். மறுகரை நெருங்கும் அறிவிப்பு வந்ததும் தாமதியாமல் திரும்பிவிடுங்கள்.

வேலைநிறுத்தம் வந்தால்

'ஷோப்பெரோ' என்ற சொல்லை நிலையத்தில் கண்டால் நாளைக் கவனியுங்கள். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் முன்னறிவிப்போடுதான் நடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். 1990ஆம் ஆண்டின் 146ஆம் எண் சட்டம் இன்றியமையாச் சேவைகளைக் காக்கிறது. அதன்படி வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியப் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும். நகரப் பேருந்துகளுக்கான காப்பு நேரம் வேறு. அதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். வேலை கொடுத்தவரிடம் முந்திய நாளே சொல்லிவிடுங்கள். இந்த நாட்டில் வேலைநிறுத்தத்தால் தாமதம் என்பது எல்லோருக்கும் புரியும் காரணம்; சொல்லாமல் தாமதிப்பதுதான் பெயரைக் கெடுக்கும்.

வேலை தொடங்குமுன் ஒருமுறை

புதிய வேலை திங்களன்று தொடங்குகிறதென்றால், அதற்கு முன் ஒருமுறை அந்த வழியே போய்வாருங்கள். ஞாயிறன்று போய்ப் பார்ப்பதில் பயனில்லை. அன்றைய அட்டவணை வேறு. சனிக்கிழமை 'ஃபெரியாலே' நாளே என்பதால், உங்கள் வண்டியின் பக்கத்தில் 'எஸ்க்ளூசோ சாபத்தோ' என்ற குறிப்பு இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு, திங்களன்று புறப்பட வேண்டிய அதே நேரத்துக்குச் சனி காலை வீட்டிலிருந்து இறங்குங்கள். முத்திரைப் பெட்டி எங்கே இருக்கிறது, இறங்கும் நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்தின் பெயர் என்ன, எதிர்ப்புறம் திரும்பும் வண்டி எங்கே நிற்கிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, உபரிச் சீட்டுகளோடு பணப்பையில் வையுங்கள்.